சுவரில் வைத்த சாவி

"சாவியை என் கையில குடுங்க அண்ணாச்சி."

கேட்டே விட்டாள் மாரிச்செல்வி. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நம்பிராஜன் வழக்கம்போல் சாவியைத் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் பாதி திரும்பியிருந்தார். தாழ்ப்பாள் போட்ட கேட்டுக்கு உள்ளே அவர். வெளியே, சாரலில் குடையோடு இவள்.

"என்னது?"

"கையில குடுங்கன்னேன்."

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் இருக்கிறது அவருடைய சிமெண்டுக் கடை. அதன் மாடியில்தான் மாரிச்செல்வியும் அவர் மகன் இசக்கிராஜாவும் சேர்ந்து ஒரு ஒர்க் ஸ்பேஸ் நடத்துகிறார்கள். இருவரும் ஒரே காலேஜில் படித்தவர்கள். மாரிச்செல்வி வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இடம் அவன் அப்பாவுடையது, உழைப்பு இவளுடையது. கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்ட பிள்ளைகள், வீட்டில் நெட்டும் கிடையாது நிம்மதியும் கிடையாது என்று இங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

பெரிய ஊர்களில் இதற்கு நல்ல நெட்டும் ஏசியும் இருந்தால் போதும். இங்கே பெண்பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நூர்நிஷாவை அனுப்புவதற்கு முன் அவள் அம்மா ஷரீபுன்னிசா துருவித் துருவிக் கேட்டார்.

"பாத்ரூம் தனியா இருக்கா? ஆம்பளப் பயலுவ எங்கன உக்காருவானுவ? காலையில யாரு வந்து திறப்பா?"

"நான்தாம்மா திறப்பேன். நான் இல்லாம அந்தக் கதவு திறக்காது."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஆனால் சாவி மட்டும் இவளிடம் தங்கவில்லை. சீசன் வந்துவிட்டால் மேலகரத்தில் சும்மா கிடக்கிற மாடி என்று ஒன்று கிடையாது. போலீஸிலும் மிலிட்டரியிலும் இருக்கிற நம்பிராஜனின் சொந்தக்காரர்கள் சனிக்கிழமை வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்துவிட்டு மேஜைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நாற்காலிகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், கம்ப்யூட்டர் மேல் ஈரத்துண்டு தொங்கும். எல்லாவற்றையும் துடைப்பவள் இவள்தான். அவர்கள் எப்போது வருவார்களோ, சாவி தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் நம்பிராஜன். தினமும் காலையில் வந்து வாங்கி, சாயங்காலம் சுவரிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

முதல் நாள் சாவியைச் சுவரில் பார்த்தபோது அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "நான் மழையில நிக்கக்கூடாதுன்னு எடுத்து வெளிய வச்சிருக்காவம்மா. நல்ல மனுசன்" என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

முருகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "அது அங்கனயே இருக்கட்டும். கையில தாங்கன்னு மட்டும் ஒருநாளும் கேட்டுறாதட்டி."

"ஏன்?"

"சொன்னா கேளு."

அவளுக்கு அது விளங்கவில்லை. எழுத்தே தெரியாத அம்மாவுக்கு முதல் நாளே விளங்கியது, டிகிரி வாங்கியவளுக்கு ஒரு வருஷமாக விளங்கவில்லை.

நேற்று பஸ் வரவில்லை. சாவியை வாங்கித் திறந்துவிடும்படி நூர்நிஷாவுக்குப் போன் செய்தாள். இவள் வந்து சேர்ந்தபோது நூர்நிஷாவுக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணாச்சி எவ்வளவு தங்கமானவிய! உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, காப்பி குடிச்சிட்டுப் போம்மான்னாவ. சாவியைக் கையில குடுத்து, படி ஈரமா இருக்கும், பாத்து ஏறுன்னாவ."

"கையிலயா?"

"பின்ன, கால்லயா குடுப்பாவ?" நூர்நிஷா சிரித்தாள்.

மாரிச்செல்வி சிரிக்கவில்லை.

மதியம் இசக்கிராஜா எப்போதும்போல் அவளுடைய இரண்டாவது டப்பாவைத் திறந்தான். முருகம்மாள் வைத்த கருவாட்டுக் குழம்பு. அவன் விரலை நக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, தனக்கு மட்டும் சாவி ஏன் சுவரில் என்று கேட்டாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

"அப்பா அந்தக் காலத்து ஆளு மாரி. உனக்கு வேண்டியது சாவி. அது கிடைக்குதுல்லா?"

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"நீயா அவர்ட்ட ஒண்ணும் கேட்டுறாத. நான் பக்குவமாப் பேசுதேன்."

"எப்ப?"

"சீசன் முடியட்டும்."

போன சீசனிலும் இதைத்தான் சொன்னான், வேறொரு விஷயத்துக்கு. தங்கள் இருவரைப் பற்றியும் வீட்டில் சொல்வதற்கு.

இப்போது கேட்டுக்கு உள்ளே நின்ற நம்பிராஜன் குரலை உயர்த்தவில்லை. "இத்தன நாளும் எடுத்துட்டுத்தான போன? இன்னைக்கு என்ன புதுசா?"

"நூர்நிஷாவுக்குக் கையில குடுத்தியளாமே."

"அந்தப் பிள்ள வெளி ஆளு. நீ நம்ம வீட்டுப் பிள்ள மாதிரிலா."

"வீட்டுப் பிள்ளைன்னா கேட்டைத் திறங்க."

அவர் முகம் இறுகியது. "ஏலே இசக்கி! இந்தப் பிள்ள என்னமோ கேக்கு. என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இசக்கிராஜா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. முதலில், அப்பா நிற்கிறாரா என்று திரும்பி ஜன்னலைப் பார்த்தான். பிறகு சுவரிலிருந்து சாவியை எடுத்து, ஈரத்தைக் கைலியில் துடைத்துவிட்டு, சுவருக்கு மேலாக நீட்டினான்.

"இந்தா. கையிலதான? நான் தாரேன்."

கேட்டின் தாழ்ப்பாள் அவன் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. மாரிச்செல்வி அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். அவன் கை அந்தப் பக்கம் போகவில்லை.

"நீ திறக்க மாட்டல்லா?"

"பிள்ளைய படியில நிக்குதுவ மாரி. மொதல்ல போய்க் கதவத் திற. சாயங்காலம் பேசுவம்."

"நீ போய்த் திற."

"நானா?"

"உங்கப்பா கடைதான? நீ திறந்தா என்ன?"

அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய பையைக் கவனித்தான். அவளுடைய காப்பிக் கப்பின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் என்னட்டி?"

"நேத்து சாயங்காலமே எடுத்துட்டேன். இன்னைக்கு இந்த கேட்டு திறந்திருந்தா திருப்பிக் கொண்டுபோய் வச்சிருப்பேன்."

மோடத்தையும் கழற்றத்தான் நேற்று கை போனது. நெட் கனெக்‌ஷன் அவள் பேரில்தான் இருந்தது. நூர்நிஷாவுக்கு இன்று மீட்டிங் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டாள். பையில் சாப்பாடு ஒரு டப்பாதான் இருந்தது. இரண்டு டப்பா கட்டிப் பழகிய முருகம்மாள் காலையில் அவள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மற்றதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள்.

"மாரி, ஒரு நிமிசம் நில்லு. அவசரப்படாத."

"ஒரு வருசமா நின்னேன்லா, இதே இடத்துல."

சாவி அவன் கையிலேயே இருந்தது. அவள் திரும்பி நடந்தாள். கடைப் பக்கம் போகவில்லை, தென்காசிப் பக்கம் போனாள். முதலில் ஷரீபுன்னிசாவைப் பார்க்க வேண்டும். நான்தான் திறப்பேன் என்று கொடுத்த வார்த்தையை, உள்ளதைச் சொல்லித் திருப்பி வாங்க வேண்டும்.

தெரு முக்கு வரைக்கும் அவள் காது மட்டும் பின்னாலேயே இருந்தது, தாழ்ப்பாள் சத்தம் கேட்குமா என்று. சாரல் ஓட்டில் விழுகிற சத்தம்தான் கேட்டது. முக்கைத் தாண்டியும் நிற்காமல் நடந்தாள்.