கேட்டைத் திறந்து போட்டுட்டாங்க

பனிமூட்டம் இன்னும் விலகாத காலை. ஹோக்ஸ்ட்ரா பண்ணையின் கிடேரிகளில் பத்துப் பதினைந்து, பட்டியை விட்டு வெளியேறி நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்றிருந்தன. எதிரே வந்த பிக்கப் வண்டி முதல் கிடேரியில் மோதி, சுழன்று, வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஓட்டி வந்தவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். ஆம்புலன்ஸ் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. கறவை மெஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

ஒதீலியா பாராகான் ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி ஹோக்ஸ்ட்ரா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒதீலியா, கையக் கழுவிட்டு வா. போலீஸ் வந்திருக்கு. நீதான் பேசணும்."

ஸ்பானிஷ் பேசும் மிச்சோவகானிலிருந்து ஐடஹோவுக்கு வந்து அவளுக்குப் பல வருஷம் ஆகிவிட்டது. பண்ணையில் இங்கிலீஷ் பேசத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். மாட்டு டாக்டர் வந்தாலும் டேங்கர் டிரைவர் வந்தாலும் ஒதீலியாவைத்தான் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கும் போகிறாள். கறவை முடித்த களைப்பில் பாதி நேரம் கண் சொக்கிவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் கூப்பிட்டார்கள் என்றால் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை துள்ளும். அன்றைக்கும் துள்ளியது. பிற்பாடு அதை நினைத்தபோதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசிப் பட்டியின் கேட் அகலத் திறந்து கிடந்தது. சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் துணை ஷெரீப் லிண்ட், கையில் சின்ன நோட்டோடு நின்றிருந்தார். இளம் வயது, சிரிக்காத முகம்.

"இங்க என்ன நடந்துச்சு?" என்றார்.

ஒதீலியா கேட்டைப் பார்த்தாள். தன் ஊரில் இதைப் பார்க்கும் யாரும் என்ன சொல்வார்களோ, அதையே மனசுக்குள் இங்கிலீஷுக்கு மாற்றிச் சொன்னாள்: "தே லெஃப்ட் த கேட் ஓப்பன்."

கேட்டைத் திறந்து போட்டுட்டாங்க. அவ்வளவுதான். தடுமாறாமல் வந்ததில் அவளுக்குத் திருப்திகூட.

லிண்ட் நிமிர்ந்தார். ஏதோ வேகமாகக் கேட்டார். 'எத்தனை பேரு' என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. இந்தப் பட்டியில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார் போலிருக்கிறது.

"ரெண்டு பேரு, சார்."

"அதோ அந்த ரெண்டு பேரா?"

பாஸ்குவாலும் லூக்காஸும் தூரத்தில் சேற்றில் ஓடி ஓடி மிச்சக் கிடேரிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். குவாத்தமாலா மலைநாட்டு அண்ணன் தம்பி. வீட்டில் பேசுவது கன்ஹோபால். ஸ்பானிஷே அவர்களுக்கு இரவல் பாஷை. லூக்காஸுக்கு இருபது வயசுகூட இருக்காது.

"ஆமா சார், அவங்கதான்," என்று கையை நீட்டிக் காட்டினாள் ஒதீலியா. "நல்ல பசங்க."

லிண்ட் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். அவள் கறவைக்குத் திரும்பினாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மாடுகளை ஓட்டி உள்ளே விடும் ரெமீஹியோ ஓடி வந்தான்.

"என்னத்தச் சொல்லித் தொலைச்ச நீ?"

"ஏன், என்ன?"

"பசங்க ரெண்டு பேரையும் போலீஸ் வண்டியில ஏத்தியாச்சு! பின் சீட்டுல. உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவு. நீ கையக் காட்டினேன்னு முதலாளியே சொல்றாரு. பெரிய இங்கிலீஷ்காரி! வாயத் தொறந்தா ரெண்டு குடும்பம் காலி."

"நான் எங்கடா அவங்கள சொன்னேன்? கேட்டைத் திறந்து போட்டுட்டாங்கன்னுதான் சொன்னேன்!"

"அது சரிதானே. திறந்துதான் போட்டிருந்தாங்க," என்றான் ரெமீஹியோவும், குழம்பிப்போய்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் போலீஸ் வண்டியில் ஏறினால் அங்கிருந்து யாருக்குப் போன் போகும், பிறகு எந்த விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தம்பி இருவரிடமும் இந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் கிடையாது.

ஒதீலியா கறவை மெஷினை அவன் கையில் திணித்துவிட்டு, பால் டேங்க் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நோயெமிக்குப் போன் போட்டாள். நோயெமி கொலம்பியாக்காரி. பகலில் ரொட்டிக்கடை, செவ்வாய் சாயங்காலம் அந்த இங்கிலீஷ் வகுப்பை எடுப்பதும் அவள்தான். நாக்கில் மிளகாய் தடவியே பிறந்தவள்.

"என்னடி, அடுப்புல ரொட்டி இருக்கற நேரத்துல?"

"நோயெமி, 'கேட்டைத் திறந்து போட்டுட்டாங்க'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

"யாரு போட்டா?"

"யாரு கண்டா? திறந்து கெடந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்ப 'தே'ன்னு ஆரம்பிச்சுடாத."

"ஆரம்பிச்சுட்டேன்டி. போலீஸ்கிட்ட."

அந்தப் பக்கம் தட்டு ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி. நம்ம பாஷையில 'பர்ஸை அடிச்சுட்டாங்க'ன்னா அதுல ஆளே கெடையாது, யாரோ எவரோ. போலீஸ்காரன் காதுல 'தே' விழுந்துச்சுன்னா அவன் கண்ணு முன்னால தொப்பி போட்ட ஆளுங்க வந்து நிப்பாங்க. எத்தனை பேருன்னு கேட்டானா?"

"கேட்டான்."

"நீ?"

"ரெண்டுன்னேன்."

"கடவுளே! போன செவ்வாக்கிழமை இதைத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்?"

"தூங்கிட்டேன்."

"வாயத் திறந்துக்கிட்டுத் தூங்கின. பாத்தேன். சரி, இப்பக் கேளு. செஞ்ச ஆளைத் தூக்கி வெளிய போடு. கேட்டை முன்னால கொண்டாந்து நிறுத்து. த கேட் வாஸ் லெஃப்ட் ஓப்பன். எங்க, சொல்லு."

"த கேட் லெஃப்ட் ஓப்பன்."

"கேட்டு எந்திரிச்சு ஊருக்குப் போயிடுச்சா? அந்த 'வாஸ்' எங்கடி? அதை முழுங்கினா எல்லாம் போச்சு. கேட்டு ஒண்ணும் பண்ணல, அதைத்தான் திறந்து விட்டிருக்கு. திருப்பிச் சொல்லு."

"த கேட் வாஸ் லெஃப்ட் ஓப்பன்."

"ஓடு. ஓடும்போதும் சொல்லிக்கிட்டே ஓடு."

ரப்பர் பூட்ஸ் சேற்றில் சப்பென்று ஒட்ட, 'வாஸ் லெஃப்ட், வாஸ் லெஃப்ட்' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள். போலீஸ் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடிக்குள் லூக்காஸ் தலையை முழங்காலில் கவிழ்த்திருந்தான். பாஸ்குவால் மட்டும் நேராகப் பார்த்தான். அவளைத்தான்.

"சார்! த கேட் வாஸ் லெஃப்ட் ஓப்பன்."

"தெரியும். முன்னாடியே சொன்னீங்களே," என்றார் லிண்ட், காரின் கதவில் கை வைத்தபடி.

"இல்ல சார். 'தே' இல்ல. வாஸ் லெஃப்ட்."

"யாரால?"

"தெரியாது."

லிண்டின் கை கதவிலிருந்து இறங்கியது. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி தெரிஞ்சுது. எத்தனை பேருன்னு கேட்டேன், சொன்னீங்க. யாருன்னு கேட்டேன், கையக் காட்டினீங்க. இப்ப ஆளே இல்லையா? கேட்டு மட்டும்தானா?"

ஹோக்ஸ்ட்ரா குறுக்கே வந்தார். "யாரு உன்னை மிரட்டினது? உள்ள எவனோ ஏத்திவிட்டிருக்கான். யார்கூட போன்ல பேசிட்டிருந்த?"

அவசரத்தில் சொன்னதை உடனே நம்பியவர்கள், யோசித்துத் திருத்திச் சொன்னதும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். ஒதீலியாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தலையைவிட்டுப் பறந்துவிட்டது.

"போலீஸ்கிட்ட பேச்சை மாத்திச் சொல்றதும் குற்றம்தான். தெரியுமில்ல?" என்றார் லிண்ட். குரல் ஏறவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "உங்க பேரை முழுசாச் சொல்லுங்க. வீட்டு விலாசமும்."

அவளிடம் பேப்பர் இருந்தது. அவள் புருஷனிடம் இல்லை. விலாசம் என்றதும் கால் தானாக ஓர் அடி பின்னால் போயிற்று. 'சரி சார், தப்பாச் சொல்லிட்டேன்' என்று முனகிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிவிடலாம். யாரும் அவளைத் தடுக்கப் போவதில்லை. பின்னால் திரும்பினாள்கூட. கண்ணாடிக்குள் லூக்காஸின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஹோக்ஸ்ட்ராவின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். காதிலிருந்து எடுக்காமலே லிண்டிடம் சொன்னார்: "அந்தம்மாவை ட்வின் ஃபால்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. கால்ல ஆபரேஷன் பண்ணப் போறாங்களாம்."

ஒதீலியா சட்டென்று நின்றாள். இங்கிலீஷில் அவர் சொன்னதும் 'தே'தான். இரண்டு தடவை.

"யாரு?" என்றாள்.

"என்ன யாரு?"

"ஆபரேஷன் பண்றது யாரு, முதலாளி? பேரு என்ன? எத்தனை பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? டாக்டருங்க, யாரோ ஒருத்தங்க. அதா இப்ப முக்கியம்?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? இங்கதானே நிக்கறேன்!"

"ஆனா 'தே'ன்னு சொன்னீங்க." அவள் நிறுத்தவில்லை. "என் 'தே'யும் அதேதான். யாரோ. எங்க பாஷையில எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவோம். எத்தனை பேருன்னு சார் கேட்டப்போ, பட்டியில வேலை செய்யறவங்கள கேக்கறாருன்னு நினைச்சேன். அதான் ரெண்டுன்னேன். அதான் கையக் காட்டினேன்."

இவ்வளவையும் அவள் எந்த இங்கிலீஷில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. பாதி வினைச்சொற்கள் கால் உடைந்துதான் வந்திருக்கும். லிண்ட் நோட்டை எடுத்து, எழுதியதைப் படித்துப் பார்த்தார்.

"நேராக் கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரும் அந்த கேட்டைத் தொட்டதை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பாத்ததா யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"முதல்ல நீங்க இதைக் கேக்கலையே, சார்."

ஹோக்ஸ்ட்ரா மூச்சை இழுத்தார். லிண்ட் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்துவிட்டார். திங்கட்கிழமை மொழிபெயர்ப்பாளரோடு வருவதாகவும், அதுவரை யாரும் எங்கேயும் போகக்கூடாது என்றும் சொன்னார்.

லூக்காஸ் இறங்கியதும் வேலிப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். ஒதீலியா பாஸ்குவாலின் தோளைத் தொடப் போனாள், அவன் விலகிக்கொண்டான்.

"பாஸ்குவால், கேளுப்பா. நான் உங்கள சொல்லல. ஒரு வார்த்தை தப்பாப் போயிடுச்சு."

"வார்த்தை எனக்குத் தெரியாதுக்கா," என்றான் தடுமாறும் ஸ்பானிஷில். "கை தெரிஞ்சுது."

மத்தியானம் அவள் ஒரு பாத்திரத்தில் வேகவைத்த அவரைக்கொட்டையும், துண்டில் சுற்றிய தொர்த்தியா ரொட்டிகளுமாக அவர்களுடைய டிரெய்லர் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. மெத்தைகள் வெறுமையாக இருந்தன. பண்ணையின் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடியும் கழுவி, படியோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. திங்கட்கிழமைவரை காத்திருக்க அவர்களுக்குத் துணிவில்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கு உரிமை?

ஓடிப்போனதால் அவர்கள்தான் செய்தார்கள் என்றார் ஹோக்ஸ்ட்ரா. திங்களன்று லிண்ட் வந்தபோதும் அதையே சொன்னார். லிண்ட் கடைசிப் பட்டிக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். உறைந்து இறுகிய சேற்றில் அகலமான லாரித் தடம் கேட் வழியாக உள்ளே போய்த் திரும்பியிருந்தது. தீவன லாரிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முன்வழியில் பனி வழுக்கியது, அதனால் பின்வழியாக வந்தேன், இருட்டில் சங்கிலியை மாட்டினேனா இல்லையா என்று நினைவில்லை என்று முதலில் சொன்னான். பிறகு மாட்டவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

அன்று கறவை முடிந்ததும் ஹோக்ஸ்ட்ரா வந்து பால் டேங்கின் பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உருட்டினார்.

"தப்பு நடந்துபோச்சு, ஒதீலியா."

அவள் குழாயை நிறுத்தினாள். "நடந்துபோகல, முதலாளி. நீங்க பண்ணீங்க. நானும் பண்ணேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். வேலை போய்விடும் என்றுதான் இரண்டு நாள் இருந்தாள். போகவில்லை.

பாஸ்குவாலின் புது எண் ரெமீஹியோ மூலமாகக் கிடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை, புருஷனை வெளியே அனுப்பிவிட்டு, சமையலறையில் நின்றுகொண்டே கூப்பிட்டாள். லாரிக்காரன் ஒப்புக்கொண்டதைச் சொன்னாள். பாஸ்குவால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"திரும்பி வர்றீங்களா? முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"வேண்டாம்க்கா. இங்க மாடு இல்ல. அதுவே நல்லா இருக்கு."

"லூக்காஸ் எப்படி இருக்கான்?"

"கார் சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சு உக்காந்துக்கறான்."

"அவன்கிட்ட சொல்லு..."

"நீங்களே சொல்லுங்க," என்று போனைக் கைமாற்றிவிட்டான். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

லூக்காஸுக்குப் புரியும்படி அவள் ஒவ்வொரு சொல்லாக, சின்னச் சின்ன ஸ்பானிஷில் சொன்னாள். "லூக்காஸ், நான் ஒதீலியா. அன்னைக்கு நான்தான் கையக் காட்டினேன். தெரியாமத்தான் காட்டினேன். ஆனா காட்டினது நான்தான். என்னை மன்னிச்சுக்கப்பா."

போனை வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை.

"சரிக்கா," என்றான் லூக்காஸ் கடைசியில். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.