வண்டிக்கு முன்னால் வந்த சத்தம்

1981 ஜனவரி ஏழாம் தேதி காலை பத்தே கால் மணிக்குப் பிச்சையாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் சங்கரன்கோவிலில் அவன் தெருவுக்கு வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளும் பிச்சையாவும் பத்தரைக்கு வந்தார்கள். பதினாறு வீட்டார் கேட்டார்கள். இரண்டு நாய்கள் சத்தத்தைத் துரத்திக்கொண்டு தெருக்கோடிவரை ஓடி, கடிக்க ஒன்றும் இல்லாமல் திரும்பின.

பிச்சையா விசைத்தறி மெக்கானிக். மூன்று பழைய வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து வீட்டு முற்றத்திலேயே ஒரு பந்தய வண்டி கட்டியிருந்தான். பிப்ரவரியில் சோழவரம் பந்தயத்தில் ஓட்டப் பெயரும் கொடுத்தாயிற்று. இக்னிஷன் காயில் மட்டும் சரிப்படவில்லை. பேட்டரியின் சின்ன மின்சாரத்தைப் பொறி தெறிக்கிற அளவுக்குப் பெரிதாக்கும் பாகம் அது. கடையில் வாங்கியதெல்லாம் வேகம் கூடினால் கருகியது. சொந்தமாகச் செய்வதென்றால் மயிரிழைச் செம்புக் கம்பியை, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றவேண்டும். அந்தக் கை அவன் பெண்டாட்டி பேச்சிக்குத்தான் இருந்தது. எட்டுத் தறிக்கு ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். அடுப்படியில் உட்கார்ந்து ஒன்பது நாளில் சுற்றி முடித்தாள். பத்தாவது நாள்தான் தப்பு தெரிந்தது. தாரில் கடைசியாகச் சுற்றிய நூல்தான், தறியில் குறுக்கே ஓடும் நாடாவிலிருந்து முதலில் வெளியே வரவேண்டும். பதினோரு வயதிலிருந்து அதற்கே பழகிய கை, கம்பியையும் அப்படியே சுற்றியிருந்தது.

“பிரிச்சிருதேன்” என்றாள்.

“கெடக்கட்டும் ஏட்டி. பொறி வருதான்னு பாப்பம்” என்றான்.

வந்தது. பிந்தி வரவேண்டியது முந்தி வந்தது, அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு எலக்ட்ரிகல் வாத்தியார் மீட்டரோடு வந்து அளந்து பார்த்தார். பொறியின் நிறம், நீளம், சூடு எல்லாம் சரி, அது தெறிக்கிற நேரம் மட்டும் இந்த நேரமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போனார்.

தெரு பழகிக்கொண்டது. சத்தம் கேட்டதும் டீக்கடை செல்லப்பா பால் சட்டியை அடுப்பில் ஏற்றுவார். “வே பிச்சையா, ஒம்ம வண்டி அப்பமே வந்துட்டு. நீரு எங்கன சுத்திட்டு வாரீரு?” என்பார். பக்கத்து வீட்டு ஜரினா, “எங்க வீட்டு மனுசனுக்கும் ஒண்ணு சுத்திக் குடுங்கக்கா. வாறது முன்னாலயே தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்” என்றாள். வண்டியின் வேகம் கூடக்கூட இடைவெளியும் கூடி, மாசக் கடைசியில் முக்கால் மணி நேரமானது. ஆனால் வந்த சத்தத்துக்கு வண்டி வராமல் இருந்ததில்லை. ஒரு தடவை பிச்சையா வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் உட்கார்ந்து பார்த்தான். பிளக் இல்லாமலே வண்டி அவனை ஏற்றிக்கொண்டு அதன் நேரத்துக்கு வந்து நின்றது.

பிப்ரவரி மூன்றாம் தேதி பத்தே காலுக்குச் சத்தம் புளியங்குடி ரோட்டில் கேட்டது. ஊருக்கு ஒன்றரை மைல் இருக்கையில், ஓடைப்பாலத்து வளைவில், கிறீச்சிட்டது. இரும்பு ரோட்டில் தேய்ந்து இழுபட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

செல்லப்பா சைக்கிளை எடுத்தார். “போய் மறிச்சிருதேன் தாயி.”

“மறிச்சா நிக்குமா அண்ணாச்சி? சத்தம் வந்துட்டுல்லா” என்றாள் பேச்சி. “என்னைய அந்த வளைவுல கொண்டு விடுங்க.”

வளைவில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து நின்றது. தறியில் நூல் அறுந்தால் நுனிகள் எங்கேயும் போய்விடுவதில்லை, அருகிலேயேதான் தொங்கும். பேச்சி கண்ணை மூடிக்கொண்டு காற்றில் துழாவினாள். பாலத்துக்கு மேற்கே, இடுப்புயரத்தில், சூடாகத் துடித்துக்கொண்டு, அறுந்த சத்தத்தின் ஒரு நுனி அகப்பட்டது. அவன் வீடு வந்து சேரவேண்டிய மிச்சச் சத்தத்தின் நுனி பத்தடி கிழக்கே ஓணான் வாலைப் போல நெளிந்தது. இழுத்துப் பார்த்தாள், எட்டவில்லை. “இதப் பிடிங்கண்ணாச்சி, விட்டுராதீங்க” என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் செல்லப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் உள்ளங்கை கொப்பளித்தது. விடவில்லை. இன்னொரு நுனியை அவள் அந்தப் பத்தடிக்கும் இழுத்து வந்து, விரலை எச்சில் தொட்டு, தறியின் அச்சுப்பல்லில் சிக்காமல் நழுவிப் போகும் அந்தத் தட்டை முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். மூன்று நாளைக்கு அவளுக்குச் சோறெல்லாம் பெட்ரோல் ருசித்தது. சத்தம் விம்மி எழுந்து ஊரைப் பார்த்து ஓடியது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தறிகள் ஓடத் தொடங்கின.

பதினோரு மணிக்குப் பிச்சையா வந்தான். வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, அவன் முழங்கால் ரோட்டைத் தொடப்போன இடத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்து ஓடியது. தள்ளிப்போய் நிறுத்தினான்.

“ஏட்டி, இங்கன என்ன செய்யுத?”

“அறுந்துட்டு. முடிஞ்சு விட்டேன்” என்றாள்.

சோழவரத்தில் அவன் ஐந்தாவதாக வந்தான். அந்த வளைவில் அதற்குப் பிறகு எந்த வண்டி போனாலும் ஒரு சின்னக் குலுக்கல் உண்டு. ரோட்டுக்காரர்கள் இரண்டு தடவை மட்டப்பலகை வைத்துப் பார்த்து, மேடு பள்ளம் ஒன்றும் இல்லை என்று கண்டு, மெதுவாகச் செல்லவும் என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, “முடிச்சு வருது, கம்பியப் பிடிச்சுக்கிடுங்க” என்கிறார். பிள்ளைத்தாய்ச்சிகள் பிடித்துக்கொள்கிறார்கள்.