ஈரக் கயிறு

கிளியனூர் ஏரிக்கரையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. சாமிக்கண்ணு பிரேக்கை லேசாகத்தான் மிதித்தான். அவன் பிடரிக்குப் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டில் யாரோ குடத்தைக் கீழே வைத்த மாதிரி. பயம் வந்தால் சிலருக்கு வாய் ஓடும், சிலருக்கு வயிறு ஓடும். சாமிக்கண்ணுவுக்குக் கழுத்து குளிரும். பங்குனி வெயில் கண்ணாடி வழியாக முகத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. கழுத்து மட்டும் ஐஸ் வைத்ததுபோல் ஆகிவிட்டது. வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினான். நிறுத்தியவன் உடனே இறங்கவில்லை. இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

“என்ன மாப்ள?” என்றான் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்த மண்ணாங்கட்டி. அவன் சாமிக்கண்ணுவின் பெண்டாட்டி பூவாயிக்கு அண்ணன். முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்காமல் போனதால், இதையாவது எமன் சீந்தாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர். எமனும் ஐம்பது வருடமாகச் சீந்தவில்லை. முப்பது வருடம் கட்டுமரத்தில் போனவன். முழங்கால் வீங்கிக் கடலுக்குப் போக முடியாமல் ஆனதும், மச்சினனின் லாரிக்குக் கிளீனராக வந்துவிட்டான்.

இரண்டு பேரும் இறங்கிப் பின்னால் போனார்கள். ஒன்பது இரும்பு உத்திரங்கள். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு அடி. லாரிக்கு வெளியே நீண்டிருந்த முனையில் பூவாயியின் பழைய சிவப்புப் புடவைக் கிழிசல் ஆடிக்கொண்டிருந்தது. வலப்பக்க உத்திரம் ஒன்று ஒரு சாண் முன்னால் நகர்ந்து, கேபினின் முதுகுப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றது. பலகை நசுங்கி, மஞ்சளாகப் புதுச் சிராய் தெரிந்தது. சாமிக்கண்ணு மனசுக்குள் அளந்து பார்த்தான். அதற்கு நேரே உட்புறம் இருப்பது அவன் கழுத்து.

ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது, நீ இரும்பு ஏற்றப்போகிறாய் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். கிருஷ்ணசாமி முதலியாரிடம் லாரியைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை மூட்டை அடித்துக்கொண்டிருந்தவன் அவன். மூட்டை என்ன செய்யும்? மிஞ்சிப்போனால் கிழியும், கடலை கொட்டும், வழியில் நாலு பேர் அள்ளித் தின்பார்கள். யாரையும் கொல்லாது. ஆனால் பிரெஞ்சுக்காரன் போன இந்த ஐந்து வருடத்தில் மூட்டை லோடு தேய்ந்துவிட்டது. ஸ்டேஷன் எதிரே பத்து வண்டி வரிசையில் நிற்கும், இரண்டு வண்டிக்குத்தான் சரக்கு இருக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் குத்தகை கேட்க முதலியார் வீட்டு ஆள் வந்து நிற்பான். அப்போதுதான் புதுக் கடல்பாலம் கட்டும் வேலையில் இருந்த காண்டிராக்டர் தெய்வநாயகம் கூப்பிட்டுச் சொன்னார்.

“சைடு பலகையெல்லாம் கழட்டிட்டு மொட்ட வண்டியா கொண்டாடா. இரும்பு ஏத்த இந்த ஊர்ல ஒரு வண்டி இல்ல. பாலம் முடியற வரைக்கும் லோடு ஒனக்குத்தான். ஆனா மொத லோடு சனிக்கெழம நாலு மணிக்குள்ள கடக்கரையில எறங்கணும். தூக்கு எந்திரம் அதுக்கு மேல நிக்காது. இல்லன்னா மெட்ராஸ்ல சங்கிலி போட்ட வண்டிக்காரன் இருக்கான்.”

அன்றைக்கே பலகைகளைக் கழற்றினான். மொட்டையாக நின்ற வண்டியைப் பார்த்துப் பூவாயி, “சட்டை இல்லாத மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

சங்கிலி வாங்க வழியில்லை. கயிறு இருந்தது, கட்டத் தெரிந்த ஆளும் இருந்தான். இன்று, சனிக்கிழமை விடியற்காலை மெட்ராஸ் துறைமுகத்தில் உத்திரங்களை ஏற்றியதும், மண்ணாங்கட்டி தென்னங்கயிற்றை எல்லாம் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஊறவைத்துத்தான் எடுத்தான். “காஞ்ச கயித்துல கட்டுனா அதுக்குப் பேரு கட்டா?” என்று கேட்டு, காலை உதைத்து இழுத்து இழுத்துக் கட்டினான். அவன் கட்டிய கட்டுமரம் கடலில் பிரிந்ததாக அவர்கள் ஊரான வைத்திக்குப்பத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. கட்டி முடித்ததும் சாமிக்கண்ணு கயிற்றைச் சுண்டிப் பார்த்தான். வீணைத் தந்தி மாதிரி நின்றது. நிம்மதியாகக் கிளம்பினான்.

இப்போது அதே கயிற்றை மண்ணாங்கட்டி தொட்டான். விரல் உள்ளே போயிற்று. விரலென்ன, கையே போயிற்று. எண்பது மைல் வெயிலில் கயிறு காய்ந்து, மொறமொறவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

மண்ணாங்கட்டி காய்ந்த நாரைக் கசக்கிப் பார்த்தான். கையை எடுக்காமல் அப்படியே நின்றான். நனைந்த கயிறு இறுகும், காய்ந்தால் தளரும் என்பது அவனுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கடலில் கயிறு காய்ந்து அவன் பார்த்ததே இல்லை. கரைக்கு வந்ததும் மரத்தை அவிழ்த்துப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கட்டு காய்வதற்கு நேரம் ஏது?

“மறந்துட்டன் மாப்ள” என்றான் கடைசியில். “இது தரைன்னு மறந்துட்டன்.”

சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும், அங்கே பயம்தான் அடைத்துக்கொண்டு கிடந்தது. அவிழ்த்துக் கட்டலாமென்று பார்த்தார்கள். ஈரத்தில் போட்ட முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. அறுத்தால் வேறு கயிறு இல்லை. சவுக்குக் கட்டையைக் கொடுத்து முறுக்கினார்கள். இரண்டாம் முறுக்கிலேயே ஒரு புரி ‘பட்’டென்று அறுந்தது. இரண்டு பேரும் கட்டையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

“தண்ணி காட்டுனா புடிச்சிக்கும்” என்றான் மண்ணாங்கட்டி.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்த பழைய மண்ணெண்ணெய் டின்கள் இரண்டு இருந்தன. ஏரியில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். அரைமணி நேரத்தில் கயிறு கறுத்து, உப்பி, மெல்ல இறுகியது. டின்களை நிரப்பிக்கொண்டு மண்ணாங்கட்டி கேபினுக்கு வராமல் உத்திரங்களின் மேல் ஏறினான்.

“அங்க எதுக்கு? வீங்குன கால வெச்சிக்கிட்டு ஏறாத, உள்ள வா மச்சான்.”

“நான் கட்டுன கட்டு. நீ ஓட்டு.”

சாமிக்கண்ணு இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. யாராவது ஊற்றிக்கொண்டே வந்தால்தான் தன் கழுத்து பிழைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தே பேசாமல் ஏறி உட்கார்ந்ததற்காக அவன் தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே கியரைப் போட்டான்.

பத்து மைல் வேகத்தில் வண்டி ஊர்ந்தது. முதுகுப் பலகையில், பின்னால் பார்ப்பதற்கென்று ஒரு சதுர ஓட்டை உண்டு. மண்ணாங்கட்டி முன்கட்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், அந்த ஓட்டை வழியாக ஒன்றிரண்டு சொட்டு சாமிக்கண்ணுவின் கழுத்தில் விழுந்தது. முதல் சொட்டுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தான். சொட்டு விழுந்தால் கயிறு ஈரமாக இருக்கிறது, மச்சானும் மேலே இருக்கிறான். பத்தொன்பது வயதில் கட்டுமரம் கவிழ்ந்து, அலைக்குள் கண்ணைத் திறந்து பார்த்த அன்றோடு கடலை விட்டவன் சாமிக்கண்ணு. தரையில் பிழைக்கிறவன் என்று குப்பத்தில் கேலி பேசினார்கள். தரையில் ஆபத்து ஒன்றும் வராது என்றுதானே வந்தான்.

கோரிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே கால். பழைய சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இனிமேல் இறக்கம், அதற்கப்புறம் ஊர். ஒரு டின் காலி, இன்னொன்றில் பாதி. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் பாதாளத்தில் பளபளத்தது. இறைக்கக் கயிறு வேண்டும். இருந்த கயிறு முழுக்க உத்திரத்தின் மேல் இருந்தது. மண்ணாங்கட்டி அதைப் பார்த்துச் சிரித்தான். சாமிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“தங்கிடலாமா மச்சான்? லோடு போனா போவட்டும்.”

நிஜமாகத்தான் கேட்டான். லோடு போனால் வண்டி போகும், வண்டி போனால் பூவாயி மறுபடி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடப்பாள். போகட்டும், கழுத்து இருக்குமே.

மண்ணாங்கட்டி கயிற்றை அமுக்கிப் பார்த்தான். “தங்குனா காயும். காஞ்சப்புறம் எப்பவா இருந்தாலும் இந்த எறக்கத்துலதான எறங்கணும்? ஈரம் இருக்கறப்பவே எறக்கிடு. பிரேக்க மட்டும் மிதிக்காத.”

சாமிக்கண்ணு ஏறினான். முதல் கியரில் போட்டு, பிரேக்குக்குப் போன காலை இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டான். வண்டி குனிந்தது. அது குனிந்ததும், பின்னாலிருந்த எடை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பக்கம் சாய்வதை அவன் முதுகால் உணர்ந்தான். கயிறுகள் முனகின. தூரத்தில், மரங்களுக்கு மேல் ஒரு விரல்கடை அளவு கடல் தெரிந்தது.

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

“மச்சான்.”

“ஓட்டு.”

இஞ்சின் அலறியது. முதல் கியரையும் மீறி வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. கீழே, சாலை திரும்புகிற இடத்தில், வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தன்பாட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. சாமிக்கண்ணு ஹார்ன் பந்தை அமுக்கினான். மறுபடி மறுபடி அமுக்கினான். ஒரு சொட்டு விழுந்தது. அது கழுத்திலிருந்து சட்டைக்குள் ஓடியது.

பின்னால் தகரம் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி காலி டின் ஒன்று சாலையில் விழுந்து, குதித்து, வண்டியைத் தாண்டிக்கொண்டு முன்னால் உருண்டு ஓடியது. வெயிலில் மின்னி மின்னிக் கீழே போயிற்று. மாட்டுவண்டிக்காரன் அதைப் பார்த்துத்தான் தலையை நிமிர்த்தினான்.

“மச்சான்” என்று கூப்பிட்டான் சாமிக்கண்ணு. இஞ்சின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. விழுந்தது டின் மட்டும்தானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தான். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. கழுத்தில் இருந்த ஈரம் காயத் தொடங்கியது.