கொக்கியில் ஒரே ஒரு கண்ணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை போனில் பிறந்தது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்ட என் மகள் வெளியூரிலிருந்து பேசினாள்.

"அம்மா, குழந்தைக்குப் போடுற முதல் தொப்பி உன் கையால பின்னினதா இருக்கணும்."

"அதுக்கென்னடி, பின்னிட்டாப் போச்சு."

எனக்குக் குரோஷே பின்னல் தெரியாது. அந்தக் கொக்கி ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'மாலை வெயில் பொன்னாக வழிய, ஜன்னலோரம் அவள் கொக்கியை எடுத்து...' வேண்டாம். மாலையில் நான் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

2

கதாநாயகிக்கு முதலில் இருபத்தெட்டு வயது வைத்தேன். மெல்லிய விரல்களும் கொடுத்தேன். இரண்டாவது பத்தியில், உருண்டோடிய நூல்கண்டை எடுக்கக் குனிந்தவள் "அம்மாடி" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். சரி, ஐம்பத்திரண்டு. நானே இருந்துவிட்டுப் போகிறேன்.

பாடம் இவ்வளவுதான். சுருக்கு முடிச்சு போடு. கொக்கியை உள்ளே விடு. நூலை வளைத்து வெளியே இழு. ஒரு கண்ணி* வரும். அதற்குள்ளே மறுபடி இழு. வீடியோவில் வரும் பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். முதல் சங்கிலி வந்தபோது வீட்டில் யாருமில்லை. பிரிட்ஜிடம் காட்டினேன்.

(* கண்ணி என்றால் நூல் வளையம். பின்னும்போது கடைசிக் கண்ணி ஒன்று கொக்கியிலேயே நிற்கும். அதை நழுவவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் சர்ரென்று அவிழ்ந்துவிடும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.)

3

இங்கே என் வீட்டுக்காரரைக் கொண்டுவர வேண்டும். லாரி மெக்கானிக். நான் வட்டம் வட்டமாகப் பின்னிக்கொண்டே போகிறேன். குழிய வேண்டியது குழியாமல் தட்டு மாதிரிப் படர்கிறது.

"இது தொப்பியா, கால் தொடைக்கிற மிதியடியா?"

"நட்டு முடுக்குறவருக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"முடுக்கத் தெரியாமத்தான் உன்னுது தொளதொளன்னு கிடக்குது!"

(பின்னால் நின்று படித்துவிட்டு, "நான் இவ்ளோ மோசமாவா பேசினேன்?" என்கிறார். பேசினீர்கள்.)

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அவர் நாற்காலியில், நாக்கைத் துருத்திக்கொண்டு, என் தட்டைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். வீடியோ ஓடுகிறது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா நாலு சுத்து போட்டுப் பாத்தேன்மா. கையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

"அவ என் கையாலன்னுல்ல கேட்டா!"

பிடுங்கினேன். கொக்கியை உருவி, அவர் போட்டதையெல்லாம் அவிழ்க்க நூலை இழுத்தேன். வரவில்லை. லாரிச் சக்கர நட்டை முடுக்குகிற கை அல்லவா! எங்கே சிக்கியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன்.

என் தட்டு குழிந்திருந்தது. என் தொளதொளப்பைச் சுற்றி அவர் இறுக்கிப் போட்ட சுற்றுகள் ஓரத்தை உள்ளே இழுத்து, கிண்ணமாக்கியிருந்தன. என் கால் முட்டிமேல் கவிழ்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏய், தொப்பிடி!" என்று கத்தினார்.

"தொப்பிங்க!" என்று நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "என்னாச்சு?" என்று கேட்கும்வரை சிரித்தோம்.

4

முடிவு ஒன்று: எல்லாம் என் கை வேலைதான் என்று மகளிடம் சாதித்துவிடுகிறேன். ("அதைக் கோடு போட்டு அடி" என்கிறார். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன், அவள் நெகிழ்ந்து, தொப்பியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு... இல்லை. என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. "வாக்கு குடுத்தியேம்மா" என்று குதிப்பாள். அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முடிவு மூன்று: கடைசிச் சுற்று இப்போதுதான் முடிந்தது. தொப்பியை அவர் பிடித்திருக்கிறார். கொக்கி என் கையில், அதில் ஒரே ஒரு கண்ணி. நூலை வெட்டி, நுனியை அதற்குள் இழுத்து இறுக்கிவிட்டால் தீர்ந்தது. (இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். கதை.)

மேசையில் போன் அடிக்கிறது. மாப்பிள்ளை.

"எடுங்க!"

"நீ எடு! நான் விட்டா விழுந்துடும்!"

"நான் விட்டா அவிழ்ந்துடும்!"

அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் நாலு கையும் காலியில்லை. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? கொஞ்சம் எடுங்கள். முதலில் மகளும் குழந்தையும் நல்லா இருக்காங்களா என்று கேளுங்கள். தொப்பியை யார் பின்னியது என்று அவள் கேட்டால், நீங்கள்தான் கூடவே இருந்து பார்த்தீர்களே, நீங்களே சொல்லிவிடுங்கள்.