லோனப்பனுக்கு யாரும் 'முடியாது' சொல்லாத கதை

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டிரம் உடைந்தபோது.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பெருநாள், அதாவது சர்ச் திருவிழா. சிவப்புக் கோட்டு போட்ட பேண்ட் செட்டுக்காரர்கள் சாலை ஓரமாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். எதிரே லோனப்பன் சேட்டனின் வெள்ளை மாருதி வந்தது. பெரிய டிரம்மின் தோலைக் கிழித்துவிட்டுத்தான் நின்றது. அடிக்கிறவன் டிரம்மை விட்டுவிட்டு ஓடைக்குள் குதித்திருந்தான். காரை விட்டு இறங்கிய லோனப்பன் சேட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்:

“எடோ, சைடுல இருந்து ஓடி வந்தா எப்படித் தெரியும்?”

ஓடி வந்தவன்! நாற்பது கிலோ டிரம்மோடு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த டிரம்முக்குப் பின்னால் ஒரு வயிறு இருந்தது உறைத்தது.

2

தொடக்க வரிகள், எழுதி அடித்தவை:

“லோனப்பனின் ஓட்டுநர் உரிமம் காலாவதியான அன்று விடாத மழை…” [பொய். நல்ல வெயில். கேரளத்தில் கதை நடந்தால் மழையை இறக்கியே ஆகவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள்.]

“முதுமை என்பது ஒரு நீண்ட…” [நீண்ட என்ன? எனக்கே தெரியவில்லை.]

“லோனப்பனுக்கு நேரே இருக்கும் எறும்பு தெரியும், பக்கத்தில் நிற்கும் யானை தெரியாது.” [இது இருக்கட்டும். நோயின் இலட்சணமே அதுதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல இருண்டுவிட்டது. நடுவில் மட்டும் பளிச்.]

திருச்சூர்ப் பக்கத்து ஊர் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். சொன்னால் எந்த அலுவலகம் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்புறம் என் மகளின் உரிமத்தை யார் புதுப்பித்துத் தருவார்கள்?

3

லோனப்பன் சேட்டன் மரக்கடை வைத்திருந்தவர். எனக்கு அடுத்த வீடு. என்னை “எழுத்துக்காரா” என்று கூப்பிடுவார், “வேலையில்லாதவனே” என்பதன் மரியாதையான வடிவமாக. ஒரு காலத்தில் எங்கள் சந்தில் அவரிடம் மட்டும்தான் கார். பாம்பு கடித்தாலும், நெஞ்சு வலித்தாலும், பனிக்குடம் உடைந்தாலும் அவர் கேட்டைத்தான் தட்டுவோம். சட்டையைப் போட்டுக்கொண்டே வண்டியை எடுப்பார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் கெட்ட வார்த்தைதான் கிடைக்கும். என் மகள் சாலையில் பிறக்காமல் ஆஸ்பத்திரியில் பிறந்தது அவரால்தான்.

(பாராட்டு போதும். இப்போது அவர் காரைத் தூரத்தில் பார்த்தாலே ஊர்க்காரர்களுக்குக் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வருகிறது. எல்லோரும் திரும்பி வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.)

டிரம் உடைந்த வாரமே அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

“எழுத்துக்காரா, லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதானாம். தட்டிக் குடு.”

“சேட்டா, இனிமே எதுக்கு லைசென்ஸ்? ஆட்டோ கிடைக்குதே.”

“ஆட்டோவா? நான் ஊரையே ஏத்திட்டுப் போனவன்டா. என்னை ஒருத்தன் ஏத்திட்டுப் போறதா? அந்த நாள் என்னைப் பெட்டியில வச்சுத் தூக்குற நாளா இருக்கட்டும்.”

தட்டிக் கொடுத்தேன்.

அவர் போனதும் மதிலுக்கு மேலே கொச்சுத்ரேசியா சேச்சியின் தலை வந்தது. அவர் மனைவி.

“ஏதாவது தில்லுமுல்லு பண்ணி அது கிடைக்காமப் பண்ணிடு மோனே. நேத்து கேட்டையே இடிச்சிட்டாரு. கேட்டு என்ன, சைடுல இருந்து ஓடியா வந்துச்சு?”

“நீங்களே வேணாம்னு சொல்லலாமே, சேச்சி?”

“நானா? அப்புறம் நாலு நாள் சோறு திங்கமாட்டாரு. நீ சொல்லு.”

“கவலைப்படாதீங்க. கண் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாங்க.”

இப்படித்தான் தொடங்கியது. நான் என் கையைக் கழுவினேன், தண்ணீர் டாக்டர் வீட்டுப் பக்கம் ஓடியது.

4

இந்த டாக்டர் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பெயர் ரெஞ்சிதா என்று வைத்திருக்கிறேன். கண்டிப்பானவர், படித்தவர் என்று இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன். கதைக்குள் வந்ததும் நான் எழுதிய ஒன்றையும் அவர் மதிக்கவில்லை.

சுவரில் எழுத்து அட்டை. லோனப்பன் சேட்டன் மேல் வரியில் ஆரம்பித்து, கடைசி வரிவரை தடங்கலே இல்லாமல் வாசித்து, அதற்கும் கீழே கடுகு அளவில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தார்.

“போதுமா மோளே? இன்னும் ஏதாவது எழுதி வச்சிருந்தா கொண்டா.”

அட்டை நேர் எதிரே இருக்கிறது. மனிதர்கள் பக்கத்தில் இருந்து வருவார்கள் என்பது அட்டைக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். லோனப்பன் சேட்டனுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பதே இவர்தான். கூடப் போயிருந்த என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எங்க அம்மாவைக் கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது இவர் வண்டிதான், சேட்டா. வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கிட்டே ஓட்டினாரு. நான் எந்த வாயால முடியாதுன்னு சொல்லுவேன்?”

“அப்போ போட்டுடுவீங்களா?”

“அட்டையை வாசிச்சிட்டாரே! சட்டப்படி நான் என்ன செய்ய? ஆபீஸ்ல ஆளைப் பார்த்தா அவங்களே நிறுத்திடுவாங்க.”

கையெழுத்து விழுந்தது. அழகான கையெழுத்து, டாக்டர் என்றே சொல்ல முடியாது.

5

புகைப்படம் சரியில்லை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் வரச் சொன்னார்கள். போனோம். எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள். காலாவதியான உரிமத்தோடு, அவரே ஓட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து. இடது பக்கம் வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

அந்த அதிகாரிக்கு எங்களிடம் எந்தக் கடனும் இல்லை. அவரை அதற்காகவே வேறு மாவட்டத்தில் இருந்து மாற்றலாக்கிக் கொண்டுவந்தேன். (எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரமாவது இருக்கிறது.) லோனப்பன் சேட்டன் உள்ளே நுழையும்போதே பக்கத்து மேஜையில் இடித்து, அதன் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிட்டு, மேஜையிடமே “சாரி” என்றார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க அப்பச்சா. வெயில்ல எதுக்கு வந்தீங்க?”

நிம்மதி போயிற்று. அப்பச்சன் என்று, பெற்ற அப்பாவைப் போல, கூப்பிட்டவன் எப்படி முடியாது என்பான்? வெளியே பிடித்துக் கேட்டேன்.

“சார், மேஜையில இடிச்சதைப் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். ஆனா டாக்டரே போட்டிருக்காங்க. அவங்களுக்கு மேல நான் யாரு?” குரலைத் தாழ்த்தினார். “எங்க அப்பாவுக்கும் இதே கதைதான். போன மாசம் நான்தான் புதுப்பிச்சுக் குடுத்தேன். இதெல்லாம் வீட்ல இருக்குறவங்க சொல்லணும், சார்.”

வீட்டில் இருக்கிறவர்களா! சேச்சி என்னிடம் தள்ளியதை நான் டாக்டரிடம் தள்ள, டாக்டர் அலுவலகத்துக்குத் தள்ள, அது பத்திரமாக முத்திரை குத்தப்பட்டுச் சேச்சியிடமே திரும்பி வந்துவிட்டது. உரிம அட்டையும் தபாலில் வந்தது. சேட்டன் எங்கள் எல்லோருக்கும் அச்சு முறுக்கு மாதிரியான அச்சப்பம் கொடுத்தார். எல்லோரும் தின்றோம், நல்ல மொறுமொறுப்பு.

6

முடிவுகள்.

அ) உரிம அட்டை தபாலில் தொலைகிறது. [கோழைத்தனம். இன்னொன்று கேட்டு வாங்கிவிடுவார். தட்டிக் கொடுக்க நான்தான் இருக்கிறேனே.]

ஆ) அவரே உணர்ந்து, கலங்கிய கண்களோடு சாவியை மனைவியின் கையில் வைத்து… [இதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். “நான் ஏன் அழுறேன்? என் வண்டிக்கு என்ன கேடு?” என்றார். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அவருக்குப் பிடிக்கவில்லை.]

இ) ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது. [எழுதினேன். முழுப் பக்கம் எழுதினேன், நன்றாகவும் வந்தது. கிழித்துவிட்டேன். ஊருக்குப் புத்தி சொல்வதற்காக ஒரு பிள்ளையைப் பெற்று, பெயர்கூட வைக்காமல் சக்கரத்துக்கு அடியில் போடுகிறவன், அந்த அதிகாரியைவிடக் கேவலமானவன்.]

உரிமம் வரவில்லை என்று ஒரே வரியில் நான் எழுதியிருக்கலாம். பேனா என் கையில்தானே? முடியவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அவரைப் பிடித்த எல்லோரும் சேர்ந்துதான் அவரை அந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்திருக்கிறோம்.

7

ஆகவே 'முடியாது' சொல்ல அவருக்குக் கடன்படாத ஒருவர் வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவை அவர் ஏற்றிப்போனதில்லை. வாருங்கள், கேட் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து வந்தவர் மீன் வாங்கக் கிளம்புகிறார். காரின் பின்பக்கம் நேராகப் பஸ் போகிற சாலையைப் பார்த்து நிற்கிறது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுகிறார்.

“யாரது, எழுத்துக்காரன் கூட்டிட்டு வந்த ஆளா? வெயில்ல நிக்காதீங்க. எங்க போகணும்? ஏறிக்குங்க, இறக்கி விடுறேன்.”

சேச்சி எப்போது உங்கள் கையில் சாயா டம்ளரைக் கொடுத்தார்? பாதி குடித்தும்விட்டீர்கள். மதிலுக்கு மேலே என் தலையும் தெரிகிறது. நாங்கள் இருவரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“அப்படியே பின்னால நின்னு ரோட்டைப் பார்த்துச் சொல்லுங்க. வரலாமா?”

சர்ச்சில் வேதபாட வகுப்பு விட்டுப் பிள்ளைகள் இடது பக்கமாக வருகிறார்கள். இவர்களை நான் உண்டாக்கவில்லை. ஞாயிறு என்றால் வருவார்கள். நீங்கள் கையைக் காட்டுகிறீர்கள்: “பொறுங்க, பொறுங்க!” நல்லது. அதை யாரும் சொல்லிவிடலாம்.

பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு ஸ்கூட்டரும் போய்விட்டது. இப்போது சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. எஞ்சின் உறுமுகிறது. அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, உங்களை நம்புகிறார்.

“என்ன, சத்தத்தையே காணோம்? இப்ப வரலாமா?”