இனி எதுவும் கொடுக்கலாம்

பானையைச் சாய்க்கப் போன கையை மாடம்மாள் எட்டிப் பிடித்தாள்.

“விடுங்க மைனி. சாவு விழுந்த வீட்டுல பழைய சோறு இருக்கப்பிடாது,” என்றாள் விஜயம், செத்தவரின் தங்கை. “இதைத்தானே எங்கண்ணன் மாசக்கணக்கா கேட்டுக் கெடந்தாரு. கேட்டப்பம் குடுத்தீயளா?”

மாடம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். புளித்த நீர் அங்கணத்தில் இறங்கி ஓடியது.

சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கிய மனுஷன், அவள் புருஷன் குற்றாலலிங்கம். கீமோ தொடங்கியதும் கஞ்சி, இட்லி, இளநீர் என்று எது உள்ளே போனாலும் போன வழியே திரும்பி வந்தது. “பழையதுன்னா வயித்துல நிக்கும் புள்ள, ஒரு வாய் தா,” என்று கெஞ்சினார். மலையாளத்து டாக்டர் ஷில்பா கூடவே கூடாது என்றுவிட்டார். இரத்த அணு குறைந்த உடம்பு. புளித்த சோற்றின் கிருமி இரத்தத்தில் ஏறினால் ஆளையே கொண்டுபோய்விடும். மாடம்மாள் குடிதண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்தே கொடுத்தாள்.

போன மாதம் அதே டாக்டர் பேச்சுவாக்கில் வேறொன்று சொன்னார். குடலில் நல்ல கிருமிகளும் உண்டாம். மருந்து அவற்றையும் கொன்றுவிடுமாம். குமட்டலுக்கு அதுவும் காரணமோ என்று ஆராய்கிறார்களாம்.

“அப்பம்னா பழையது குடுத்திருக்கலாமா டாக்டரே?”

“அய்யோ, பாடில்ல அம்மா, கூடாது. இரத்தத்தில் கவுண்ட் தீரெ குறைவாணு. அதொண்ணும் இன்னும் உறுதியாகல்ல.”

கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். அவள் கொடுக்கவில்லை.

நேற்று டாக்டர் அவள் தோளில் கைவைத்து, “இனி எது வேணமெங்கிலும் குடுக்காம்,” என்றார். எதுவும் கொடுக்கலாமாம். பாவி மகள் மகிழ்ந்துபோனாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அந்த அனுமதிக்கு என்ன பொருள் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. சோறு புளிக்குமுன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

வாசலில் விஜயத்தின் புருஷன் அழகியநம்பி சத்தம் கொடுத்தான். “வாய்க்கரிசி போடுறவங்க வாங்க. தைக்காட்டு மயானத்துக்கு நேரமாச்சு.”

“போடுங்க மைனி,” என்றாள் விஜயம். “இப்பமாவது கை நிறைய போடுங்க.”

அவளை அறைய வேண்டும்போல் இருந்தது மாடம்மாளுக்கு. அவள் சொல்வதில் பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிந்தது. குனிந்து, அவர் உதட்டை விரலால் விலக்கி, அரிசியைப் போட்டாள்.

“அடுத்த ஆளு வாங்க,” என்றார் யாரோ. அவள் நகரவில்லை. அவளுடைய இடது கை, வாந்தியை ஏந்தக் குவிந்தபடி, அவர் தாடைக்குக் கீழே காத்திருந்தது.