பீர்ப் பெட்டி மேல் கட்டில்

அன்று காலை மெப்பல் ஊரிலேயே யோரீன் அளவுக்கு வீடு துடைத்தவள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். நிறைமாத வயிற்றை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கதவின் அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவின் அடிப்பக்கத்தை எந்த மகராசி பார்க்கப் போகிறாள்? ஃபெம்மி பார்ப்பாள் என்பது யோரீனின் தீர்மானம்.

ஃபெம்மி பேறுகாலத் தாதி. பிள்ளை பிறந்ததும் ஒரு வாரம் தினமும் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறவள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு தரம் வந்து, கட்டில் போதிய உயரத்தில் இருக்கிறதா, வெந்நீர்க் குப்பி வாங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவாள். இதற்கு மற்றவர்கள் ஒரு பிஸ்கட் எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான். யோரீனுக்கோ பல நாளாகத் தூக்கமே இல்லை.

அவளுக்கு எட்டு வயதில் இப்படித்தான் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பொம்பளை தோளில் பையோடு வீட்டுக்கு வந்தாள். சிரித்த முகம். குளிர்பெட்டியைத் திறந்தாள், உள்ளே கடுகுச் சாந்து பாட்டிலைத் தவிர ஒன்றுமில்லை. சமையலறை மூலையில் அப்பாவின் பீர்ப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. யோரீன் அவற்றின் மேல் மேசை விரிப்பைப் போட்டு மூடி, காவல்காரி மாதிரி முன்னால் நின்றாள். அந்தப் பொம்பளை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். சில நாளில் யோரீன் யார் வீட்டிலோ, யாரோ பெற்ற பெண்ணின் பழைய பைஜாமாவில் தூங்கினாள். அதற்கப்புறம் வீடு மாற்றி வீடு, பள்ளி மாற்றிப் பள்ளி. பாவம், அந்த வயதில் அவளுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

புருஷன் வீபேக்கு இதெல்லாம் தெரியாது. தான் வெளியார் வீடுகளில் வளர்ந்தவள் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தாள். அவன் பால் லாரி ஓட்டுகிறவன். தங்கமான ஆள்தான், ஆனால் சொல்லாததைத் துருவிக் கேட்கிற பழக்கம் அவன் பரம்பரைக்கே கிடையாது. பிள்ளை வயிற்றில் உதைக்கும்போதெல்லாம், இதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவள் பயந்தாள். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

கதவை முடித்துவிட்டு மாடி ஏறினாள். படுக்கையறையில் வீபே இடுப்பில் கை வைத்துப் பெருமையாக நின்றுகொண்டிருந்தான். கட்டில் அவன் இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. நான்கு கால்களுக்கும் கீழே நான்கு பீர்ப் பெட்டிகள். பாட்டில் நிறைந்த பெட்டிகள்.

யோரீன் பெட்டிகளைக் கை காட்டினாள்.

"வீபே, இதை எடு."

"எதுக்கு? எங்கம்மா என்னையே பீர்ப் பெட்டி மேலதான் பெத்தாங்க. நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. தாதியின் முதுகு ஒடியாமல் இருக்கக் கட்டிலை உயர்த்துவதும், அதற்கென்று மரக்கட்டை வாடகைக்குக் கிடைத்தாலும் வீட்டிலிருக்கும் பீர்ப் பெட்டியை முட்டுக்கொடுப்பதும் ஊர் வழக்கம். காரணத்தை மட்டும் அவள் சொல்லமாட்டேன் என்கிறாள். சொல்லாமல் அவன் எடுக்கமாட்டேன் என்கிறான். இந்த லட்சணத்தில் வாசலில் ஃபெம்மியின் சைக்கிள் வந்து நின்றது.

யோரீன் அலமாரியிலிருந்த விரிப்புகளையெல்லாம் உருவிக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டாள். பார்க்கக் கல்யாண மேடை மாதிரி இருந்தது. பீர் என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரக்கூடாது என்று வீபேயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

ஃபெம்மி ஐம்பது தாண்டியவள், குட்டையான, கனத்த உருவம். அவள் கேட்காமலேயே யோரீன் குளிர்பெட்டியை விரியத் திறந்து காட்டினாள். பாலும் முட்டையும் பாலாடைக்கட்டியும் பிதுங்கி நின்றன. ஊரையே கூப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, ஃபெம்மி காப்பியை உறிஞ்சினாள். பிறகு வீபே பக்கம் திரும்பி, கட்டிலை உயர்த்தியாயிற்றா என்றாள். உயர்த்தியாயிற்று. எதன் மேல்? வீபே பெண்டாட்டியைப் பார்த்தான், காப்பியைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

மாடிக்குப் போனதும் ஃபெம்மி நேராகக் குனிந்து விரிப்பைத் தூக்கினாள். அவ்வளவுதான், யோரீன் உடைந்துபோனாள்.

"நாங்க குடிக்கிறவங்க இல்லைங்க. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. அந்த வீடு மாதிரி இல்லைங்க இது."

முழுப் பெட்டியா, ரொம்ப நல்லது, காலிப் பெட்டிதான் ஆடும் என்று சிரிக்கத் தொடங்கிய ஃபெம்மி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். எந்த வீடு என்று மெதுவாகக் கேட்டாள். யோரீன் எல்லாவற்றையும் கொட்டினாள். குளிர்பெட்டி, விரிப்பு, பைஜாமா, ஒன்று விடவில்லை. ஃபெம்மி கட்டில் மேல் தொத்தி ஏறி உட்கார்ந்து கேட்டாள். உயரம் காரணமாக அவள் கால் தரையை எட்டவில்லை.

"கண்ணு, நான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வர்றவ இல்ல. உன் கையில கொடுத்துட்டுப் போக வர்றவ."

"எனக்கு அம்மாவா இருக்கத் தெரியாதே. நான் பார்த்ததே இல்லையே."

"தெரிஞ்சுகிட்டா எவளாவது பெத்தெடுக்கிறா? அதுக்குத்தானே தாதிங்க நாங்க ஒரு வாரம் கூட இருக்கோம்."

வயிற்றில் பிள்ளை இருக்கும்போதுதான் பழசெல்லாம் மேலே வரும், இப்படிப் பயந்த எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன், இதற்கென்றே பேச ஆள் இருக்கிறார்கள், நாளைக்கே மருத்துவச்சியிடம் சொல்லு என்றாள் ஃபெம்மி. யோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

வீபே நிலைவாசலிலேயே நின்றிருந்தான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேட்டா அழுவியோன்னு பயம்."

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?"

அவன் மண்டியிட்டு, பெட்டியை இழுக்கப் போனான். ஃபெம்மி பதறி, நான் மேலே இருக்கிறேன் ஐயா என்றாள். யோரீனுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கட்டும் விடு, நீயும் மேலே வா என்றாள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்டில் அசையவில்லை.

ஃபெம்மி கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிரசவமானதும் தகவல் சொன்னால் அன்று முறையில் இருக்கும் தாதி வந்துவிடுவாள் என்றாள். சைக்கிள்வரை கூடப்போன யோரீனுக்கு மூச்சு வாங்கியது. தோளில் பை மாட்டிய ஒரு பொம்பளையிடம் இதைச் சொல்லத் தனக்கு வாய் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"வேற யாரும் வேண்டாம். எங்க வீட்டுக்கு நீங்க வாங்க."